வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் சாப்பாடு: பெட்டியில் என்ன வைக்கணும், கையில் என்ன கத்துக்கொடுக்கணும்?

தெப்பக்குளத்தான்

வணக்கம். எங்க பகுதியிலிருந்து இந்த செப்டம்பர் சேர்க்கைக்கு ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கான்னு பிள்ளைங்க கிளம்புறாங்க. பெரும்பாலும் அடுப்படிப் பக்கம் போகாதவங்க. வீடுகள்ல இப்பவே ஊறுகாயும் அப்பளமும் வத்தலும் சேர ஆரம்பிச்சாச்சு. அங்க போய் ஒழுங்காச் சாப்பிடணும், உடம்பைக் கெடுத்துக்கக் கூடாது, அதுதான் பெத்தவங்க கவலை. எதைக் கொண்டுபோகலாம், அங்க எதை வாங்கணும், எப்படிச் சமைக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க. தொகுத்து ஒரு தாளா அச்சடிச்சு எல்லார் கையிலயும் கொடுக்கப் போறேன்.

பசுமலை_டயட்டீஷியன்

நல்ல காரியம் சார். முதலில் எது கெடுகிறது என்று பார்த்துவிட்டால் எதைச் சரிசெய்வது என்பது தெளிவாகிவிடும்.

இங்கே வீட்டில் சாப்பிடும்போது ஒரு வேளைச் சோற்றோடு குழம்பு, பொரியல், ரசம், மோர் எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. அங்கே போனதும் சோறு மட்டும் தங்குகிறது, மற்றவை உதிர்ந்துவிடுகின்றன. சோறும் ஊறுகாயும், சோறும் பொடியும், இரவில் ரொட்டி ஜாம் அல்லது நூடுல்ஸ். வயிறு நிறைய வேண்டுமென்று சோற்றின் அளவு இரண்டு மடங்காகிறது. மாவுச்சத்தும் உப்பும் கூடி, புரதமும் காய்கறியும் குறைகின்றன. சில மாதங்களில் எடை ஏறினாலும் சோர்வு போவதில்லை.

ஆகவே கணக்கைப் புரதத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்குச் சுமார் 50 கிராம். அதை இப்படி எட்டலாம்:

காலை: ஓட்ஸ் 50 கிராம், பால் 250 மி.லி. – 14 கிராம்
மதியம்: பருப்பு 50 கிராம் (வேகவைக்கும் முன் எடை), அரிசி 75 கிராம் – 17 கிராம்
தயிர் 150 கிராம் – 5 கிராம்
இரவு: முட்டை 2, கோதுமை மாவு 60 கிராமில் சப்பாத்தி – 18 கிராம்

முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் டப்பாக் கொண்டைக்கடலையை வைக்கலாம். 400 கிராம் டப்பாவை வடித்தால் 240 கிராம் தேறும், அதில் ஏறக்குறைய 17 கிராம் புரதம். காய்கறியும் பழமும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது.

ஒரு சமையலறைத் தராசு கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். 75 கிராம் அரிசி எவ்வளவு என்று ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தவர்களுக்குக் கண் பழகிவிடும்.

கீழமாசிவீதி_மளிகை

பெட்டி விஷயத்தை நான் சொல்றேன். வாங்க வர்றவங்க நிறையப் பேர் தெரியாமக் கேக்குறது இதுதான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் இந்தியாவிலிருந்து பாலும் கறியும் எந்த வடிவத்துலயும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர், உப்புக்கண்டம் எதுவும் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஆசையா வச்சு அனுப்பினா அங்க குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலையும் ஐரோப்பாவுக்குச் சான்றிதழ் இல்லாமப் போகாது. நிழல்ல காயவச்சு பொடியாக்கிக் கொடுங்க.

அமெரிக்காவுக்கு அரிசி வேண்டவே வேண்டாம். தானியத்தை அரிக்கிற கப்ரா வண்டு இருக்கிற நாடுகள்லருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அங்க தடை, நம்ம நாடும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆஸ்திரேலியாவுக்குப் போறவங்க சின்னப் பொட்டலமானாலும் பயணி வருகை அட்டையில எழுதி அறிவிக்கணும். மறைச்சா அபராதம்.

முக்கியமா ஒண்ணு: கசகசா. மதுரையிலிருந்து துபாய் வழியாவோ சிங்கப்பூர் வழியாவோ போறவங்க இதைப் பெட்டியில வைக்கவே கூடாது. அமீரகத்துலயும் சிங்கப்பூர்லயும் அது போதைப்பொருள் சட்டத்துல வர்ற பொருள். தனிப் பொட்டலமா வைக்க மாட்டாங்க, ஆனா வீட்டுல அரைச்ச குருமாப் பொடியிலயும் கறிமசாலாவுலயும் கலந்திருக்கும். அரைக்கும்போதே விட்டுடுங்க. முழுக் கொப்பரையும் வேண்டாம். எண்ணெய் மிகுந்து தானாச் சூடேறுற பொருள்னு விமானத்துல அதைத் தனி வகையில வச்சிருக்காங்க.

பொடி வகைக்கு என் கணக்கு: சாம்பார்ப் பொடி 750 கிராம், ரசப்பொடி 250, பருப்புப்பொடி 500, கறிவேப்பிலைப் பொடி 250, மஞ்சள்தூள் 100, கூட்டுப் பெருங்காயம் 50. ரெண்டு கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு சட்டி சாம்பாருக்கு ரெண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம். வாரம் ரெண்டு சட்டின்னா 750 கிராம் ஆறு மாசம் ஓடும். ஒவ்வொண்ணையும் 250 கிராம் பொட்டலமாப் போட்டு, ரெட்டைக் கவர் போட்டு, மேல பேரையும் என்னென்ன சேர்ந்ததுன்னும் ஆங்கிலத்துல ஒட்டுங்க. பேரில்லாத பொடியைத்தான் பிரிச்சுப் பாக்குறாங்க.

பொடி கெட்டுப்போறதுக்குக் காரணம் ரெண்டே ரெண்டு. சூடு ஆறாம அடைச்சா உள்ள வேர்த்துப் பூசணம் பிடிக்கும். தேங்காயோ பச்சைப் பூண்டோ சேர்த்தா ஒண்ணு சிக்கு வாடை வரும், இல்லைன்னா ஈரம் ஏறும். அகலத் தட்டுல பரப்பி, கை வச்சா சூடே தெரியாத வரைக்கும் ஆறவிட்டு அப்புறம் அரைங்க. அரைச்ச சூடும் ஆறணும், அதுக்கப்புறம்தான் கவர்.

டார்ட்மண்ட்_மதுரைக்காரன்

அண்ணன் சொன்ன ரெண்டு கிலோவோட நிறுத்திக்கோங்க, அதுதான் சரி. 10 கிலோ பருப்பும் அரிசியும் சுமக்கிறது வீண். ஜெர்மனியில துருக்கிக் கடை இல்லாத ஊர் குறைவு. மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, கெட்டித் தயிர், கட்டுக் கட்டா மல்லித்தழை, புதினா, வெண்டைக்காய் எல்லாம் அங்கயே கிடைக்கும். இந்தியக் கடையைவிட விலை குறைவு. துவரம்பருப்பு, இட்லி ரவை, முழு உளுந்து, உறைய வச்ச கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், இதுக்கு மட்டும் ஆசியக் கடைக்குப் போங்க.

காய்கறியில நம்ம மாட்டுத்தாவணி மார்க்கெட் ஞாபகத்துல கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தேடி அலையக் கூடாது. அந்த ஊர்ல மலிவா விளையிறதை நம்ம பக்குவத்துல செய்யணும். கோல்ராபின்னு விக்கிறது நம்ம நூக்கல்தான். சுக்கினியைச் சுரைக்காய் மாதிரி பாசிப்பருப்போட கூட்டு வைக்கலாம், ஆனா அஞ்சு நிமிஷத்துல வெந்துடும், பருப்பு வெந்த பிறகு போடணும். கேல் கீரையைப் பொடியா நறுக்கி, நடுத்தண்டை நீக்கிட்டு, முருங்கைக்கீரைப் பொரியல் மாதிரி செய்யலாம். தண்ணி தெளிச்சு மூடி வச்சு 10 நிமிஷம் வேகணும், இல்லைன்னா சவசவன்னு நார் மாதிரி இருக்கும். முட்டைக்கோஸ், கேரட், பரங்கி வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

உறைய வச்ச காய்கறியைக் கேவலமா நினைக்க வேண்டாம். பறிச்ச கையோட உறைய வைக்கிறதால சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும், நறுக்குற வேலையும் இல்லை. கீரை வாங்கும்போது மட்டும் பின்பக்கம் படிங்க. க்ரீம் கலந்த கீரையும் அதே அலமாரியில இருக்கும். உட்பொருள்ல கீரை மட்டும்தான் இருக்கணும்.

பால் பொருள்ல 'மாகர்குவார்க்'னு ஒண்ணு இருக்கு. கொழுப்பு நீக்கின, கெட்டித் தயிர் மாதிரியான பொருள். 500 கிராம் டப்பாவுல 60 கிராம் புரதம். அதுல பாதியைத் தண்ணி விட்டு அடிச்சு, கொஞ்சம் தயிர் சேர்த்து, வெள்ளரிக்காயும் உப்பும் போட்டா தயிர்ப்பச்சடி. சைவக்காரங்களுக்கு இதைவிட மலிவான புரதம் அங்க இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழக உணவகமான மென்சாவைப் பயன்படுத்துங்க. மாணவர் விலையில கிடைக்கும், சைவ உணவும் அநேகமா தினமும் இருக்கும். மதியம் அங்க காய்கறியோட சாப்பிட்டுட்டா, ராத்திரி ஒரு சமையல் போதும். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சுக்கணும்.

ஊமச்சிகுளம்_அம்மா

தம்பி, குக்கர் குடுத்து விடவா, அங்க வாங்கிக்கிறட்டுமா? எம் பிள்ளைக்குப் பருப்பு குக்கர்ல வச்சாத்தான் வேகும்னு நினைப்பு. ரெண்டாவது, ராத்திரி மிஞ்சுன சோத்துல தண்ணி ஊத்தி வச்சுக் காலையில குடிக்கச் சொல்லலாமா? அவனுக்குப் பழைய சோறுன்னா உசுரு.

டார்ட்மண்ட்_மதுரைக்காரன்

அக்கா, அடுப்பைப் பொறுத்தது. அங்க ரெண்டு வகை மின் அடுப்பு உண்டு. கண்ணாடித் தளம் சிவந்து சூடாகுற வகையில தட்டையான அடி இருந்தாப் போதும், அலுமினியமும் ஓடும். இண்டக்‌ஷன்னா அடியில காந்தம் ஒட்டணும். கடையில வாங்கும்போதே ஃப்ரிட்ஜ் காந்தத்தை அடியில வச்சுப் பாருங்க, பிடிப்பா ஒட்டுனா ரெண்டுலயும் வேலை செய்யும். அடி உருண்ட வாணலி ரெண்டுலயும் உதவாது. எவர்சில்வர் 3 லிட்டர் குக்கர், அதே அளவுக்குக் கேஸ்கட் ரெண்டு, சேஃப்டி வால்வு ஒண்ணு. இவை அங்க அந்த அளவுல கிடைக்காது. செக்-இன் பெட்டியிலதான் வைக்கணும். விடுதி விதியில குக்கருக்குத் தடை இருக்கான்னு முன்னாடியே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுடுங்க.

தடை இருந்தாலும் கவலையில்லை. மைசூர்ப் பருப்பு ஊறவைக்காம, குக்கர் இல்லாம 20 நிமிஷத்துல குழைஞ்சிடும்.

திருநகர்_மைக்ரோபயாலஜி

அம்மா, பழைய சோறு பற்றி நான் சொல்கிறேன், இது கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைநிலை இருக்கும். சோறு வேகும் சூட்டில் அது சாகாது. சோறு வெளியே ஆறிக்கிடக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நம்மூர் வெக்கையில் தண்ணீர் ஊற்றிய சோற்றில் புளிப்பு சீக்கிரம் ஏறி, அந்த அமிலமே ஓரளவு காவலாக இருக்கிறது. அங்கே அறை 18–20 டிகிரியில் இருக்கும், புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். ஆகவே அங்கே பழைய சோறு வேண்டாம் என்றே சொல்வேன். அதன் இடத்தில் சோற்றை அப்போதே தயிர் விட்டுப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் சாப்பிடட்டும்.

மிஞ்சிய சோற்றுக்கு இங்கிலாந்து உணவுத் தர அமைப்பு சொல்லும் முறை: ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், ஒரு முறைதான் சூடாக்க வேண்டும், ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். குக்கரிலேயே மூடி வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலத் தட்டில் பரப்பினால் 20 நிமிடத்தில் ஆறிவிடும்.

ராஜ்மா சமைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. காய்ந்த ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவிடும் ஸ்லோ குக்கரில் அது அழியாது, கடும் வாந்தி வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெதுவாக வேகவைக்கலாம். டப்பா ராஜ்மாவுக்கு இந்தக் கவலை இல்லை, அது ஏற்கெனவே வெந்தது.

இட்லி மாவு: கிரைண்டர் இல்லாத இடத்தில் இட்லி ரவை 2 பங்கு, முழு உளுந்து 1 பங்கு. உளுந்தை 4 மணி நேரம் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு மிக்ஸியில் நுரைக்க அரையுங்கள். மிக்ஸி சூடானால் மாவு உப்பாது. ரவையைக் கழுவிப் பிழிந்து கலந்து, கையால் இரண்டு நிமிடம் அடித்துவிடுங்கள். புளிக்க 28–30 டிகிரி வேண்டும். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைத்தால் அந்தச் சூடு கிடைக்கும், 10–12 மணி நேரத்தில் பொங்கிவிடும். ஹீட்டர் மேலேயே பாத்திரத்தை வைத்தால் அடிமாவு மட்டும் புளித்து நாறும், மேல் மாவு அப்படியே கிடக்கும்.

லண்டன்_செல்லூர்

இங்கிலாந்து விடுதிகளைப் பத்திச் சொல்றேன். அஞ்சாறு பேருக்கு ஒரு சமையலறை. ஆளுக்கு ஃப்ரிட்ஜில ஒரு தட்டு, ஃப்ரீசர்ல ஒரு இழுப்பறை. அதனால பெரிய சட்டியில ஒரு வாரத்துக்குச் சமைக்கிறதுங்கிறது நடக்காது. 500 மி.லி. டப்பா நாலு, அதுதான் ஒரு தடவைக்கான அளவு.

நாலு டப்பா சாம்பாருக்குக் கணக்கு: மைசூர்ப் பருப்பு 200 கிராம், தண்ணி ஒரு லிட்டர், மஞ்சள், 20 நிமிஷம். அதுல உறைய வச்ச கலப்புக் காய்கறி 500 கிராம், சாம்பார்ப் பொடி 2 மேசைக்கரண்டி, தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்பு, 10 நிமிஷம். புளி கடைசியில. புளியை முன்னாடியே ஊத்தினா பருப்பு வேகாது, புளிப்பு பருப்போட தோலையும் சதையையும் இறுக்கிடும். டப்பாவுல விக்கிற கருப்புப் புளிச்சாறு ரொம்பக் கடுமையா இருக்கும், அரைத் தேக்கரண்டியில ஆரம்பிச்சு ருசி பாத்துக் கூட்டணும். ரெண்டு டப்பா ஃப்ரிட்ஜில, மூணு நாளுக்குள்ள முடிக்கணும். ரெண்டு ஃப்ரீசர்ல. உருளைக்கிழங்கு போட்டதை உறைய வைக்காதீங்க, கரைஞ்சதும் நறநறன்னு ஆகிடும். மோர்க்குழம்பும் திரிஞ்சுபோகும்.

லண்டன் தண்ணி கடினத் தண்ணி. துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் எவ்வளவு நேரமானாலும் வேகலைன்னு புலம்புவாங்க, காரணம் தண்ணியில இருக்கிற சுண்ணாம்புச் சத்து. ஊறவைக்கிற தண்ணியில ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டா சரியாகும். வேகும்போது அதிகம் போட்டா சவக்காரச் சுவை வந்துடும்.

அப்புறம் தாளிப்பு. நெருப்பு அலாரம் அடிக்கிறது பெரும்பாலும் கதவாலதான். பல விடுதிகள்ல சமையலறைக்குள்ள சூட்டை உணர்ற கருவியும், நடைபாதையில புகையை உணர்ற கருவியும் இருக்கும். வெளியே புகை போகட்டும்னு கதவைத் திறந்து வச்சாத்தான் கட்டடமே இறங்கி வரணும். கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுட்டு ஆரம்பிக்கணும். ஒரு தேக்கரண்டி எண்ணெய், நடுத்தரச் சூடு, கடுகைப் போட்டு மூடி, வெடிக்கிற சத்தம் நின்னதும் அடுப்பிலிருந்து இறக்கிட்டு அந்தச் சூட்டுலயே மிளகாய் வத்தலும் கறிவேப்பிலையும். மிளகாய் அடுப்பு மேல கருகினா அந்த நெடிக்கு அறைத்தோழர்கள் எல்லாரும் இருமுவாங்க. அலாரத்தைத் துணியால மூடுறது குற்றம், அதை மட்டும் செய்யவே கூடாது.

கீழமாசிவீதி_மளிகை

ஊறுகாய் வேண்டாம்னு யாரும் சொல்லலையே? கேட்டு வர்றவங்களுக்கு அரைக்கிலோவாவது குடுத்தாத்தான் மனசு ஆறும்.

பசுமலை_டயட்டீஷியன்

கால் கிலோ கொடுங்கள் அண்ணே, தப்பில்லை. ஆனால் அது தொட்டுக்கொள்ள மட்டுமே, குழம்புக்கு மாற்றாகக் கூடாது. நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி ஊறுகாயிலேயே ஒன்றரை, இரண்டு கிராம் போய்விடும். அதோடு அப்பளம், நூடுல்ஸ் சேர்ந்தால் ஒரே வேளையில் அளவு தாண்டிவிடும். இங்கிலாந்தில் லேபிளில் உப்பு என்றே போட்டிருக்கும்: 100 கிராமில் 1.5 கிராமுக்கு மேல் என்றால் அதிகம், 0.3க்குள் என்றால் குறைவு. அமெரிக்காவில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும், அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்.

வெயில் நாட்டிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு மூன்று சத்துகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

வைட்டமின் டி. நம் தோல் நிறத்துக்கு வெயில் அதிகம் தேவை. அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் இருந்தாலும் தோல் டி உண்டாக்கும் அளவுக்கு அதில் வலுவில்லை. நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் மாத்திரையை இங்கிலாந்து அரசு சுகாதார சேவையே குளிர்காலத்தில் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு வருடம் முழுவதும். மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். இங்கே வாரம் ஒன்று விழுங்கும் 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் அட்டை அட்டையாக வாங்கி அனுப்பாதீர்கள்.

பி12. சைவப் பிள்ளைகள் பால், தயிரை விட்டுவிட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறினால் இது குறையும். பி12 சேர்த்ததா என்று அட்டையில் பார்க்க வேண்டும். ஆர்கானிக் என்று போட்டவற்றில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

அயோடின். இதை யாரும் நினைப்பதில்லை. நம் நாட்டில் கடை உப்பில் அயோடின் கட்டாயம். இங்கிலாந்தில் விற்கும் உப்பில் பெரும்பாலும் அயோடின் கிடையாது. அங்குள்ளவர்களுக்குப் பாலும் மீனும்தான் அயோடினைத் தருகின்றன. இரண்டும் சாப்பிடாத பிள்ளை அயோடின் சேர்த்த உப்பைத் தேடி வாங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து. கீரை மசியலிலும் பருப்பிலும் எலுமிச்சை பிழியட்டும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பது இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு டப்பா மத்தியும் அயிலையும் மலிவு. தக்காளிச் சாற்றில் இருப்பதை வாங்கி, புளியும் மிளகாய்த்தூளும் வைத்துக் கொதித்த குழம்பில் கடைசி இரண்டு நிமிடம் போட்டால் மீன்குழம்பு ஆயிற்று. முன்னாடியே போட்டால் கரைந்துவிடும்.

தெப்பக்குளத்தான்

எல்லாருக்கும் நன்றி. கிளம்புறதுக்கு முன்னாடி இங்கயே என்னென்ன பழக்கணும்? அமெரிக்கா போறவங்க மிக்ஸி கொண்டுபோகலாமான்னும் ரெண்டு பேர் கேட்டாங்க.

லண்டன்_செல்லூர்

நாலு சமையல் போதும் சார்: மைசூர்ப் பருப்புச் சாம்பார், ஏதாவது ஒரு காயில பொரியல், முட்டைக் குழம்பு அல்லது கொண்டைக்கடலைக் குழம்பு, ஓட்ஸ் உப்புமா. கேஸ் அடுப்புல பழக்காதீங்க, மின் அடுப்புல பழக்குங்க. மின் அடுப்பு அணைச்ச பிறகும் சில நிமிஷம் சுடும், பொரியல் அதுலதான் அடிபிடிக்கும். ஒரே பாத்திரம், ஒரே கத்தி, கறிவேப்பிலை இல்லை, தேங்காய் இல்லைன்னு வச்சு, அம்மா பக்கத்துல நிக்காம, பாத்திரம் கழுவுறது வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். பார்ட் டைம் வேலை முடிஞ்சு ராத்திரி வர்ற நாள்ல அதுக்குமேல நேரம் கிடைக்காது, அப்பதான் பீட்சாவுக்குக் கை போகும்.

ஓட்ஸ் உப்புமாவுக்குத் தண்ணி அளவுதான் தவறும். 50 கிராம் ஓட்ஸுக்கு 90 மி.லி. போதும், வெறும் வாணலியில மூணு நிமிஷம் வறுத்துட்டுத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் கிளறணும். மொத்தமா ஊத்தினா களி ஆகிடும்.

டார்ட்மண்ட்_மதுரைக்காரன்

மிக்ஸி: அமெரிக்காவுலயும் கனடாவுலயும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்ம 230 வோல்ட் மிக்ஸி அங்க திணறும், அரைக்காது. பிளக் மாத்துற அடாப்டர் வோல்ட்டேஜை மாத்தாது. 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அது மிக்ஸியைவிடக் கனம். 110 வோல்ட்னு போட்ட மாடலை இங்கயே கேட்டு வாங்குங்க, இல்லைன்னா அங்க ஒரு பிளெண்டர் வாங்கிக்கலாம். ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூணுலயும் 230 வோல்ட்தான், அடாப்டர் போதும். ஜாரைத் தனியாத் துணி சுத்தி, பிளேடு மேல அட்டை வச்சுக் கட்டி, செக்-இன் பெட்டியில வைங்க. கைப்பையில பிளேடை விட மாட்டாங்க.